சபாபதியை நான் பேசவிடாத கதை

1

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டொரொண்டோவுக்கு வெளியே இருக்கும் ஒரு காய்கறித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், ஒரு வெள்ளைக்கார மேற்பார்வையாளன் காகிதத்தைப் பார்த்து மன்னிப்பு வாசித்தான். அதைத் தமிழில் சொல்வது என் வேலை. தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையுமாகத் தொழிலாளர்கள் வரிசையாக நின்று கேட்டார்கள்.

அவன் அங்கே வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்ணைக் குளிர் அறைக்குள் வைத்துத் தொட்டிருக்கிறான். அவள் முறையிட்டதும், அவள் திருடுகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண்ணுக்காக நின்ற சட்டத்தரணி என் மகள் மாலினி. இப்படிப்பட்டவர்களுக்காக இலவசச் சட்ட நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். இரத்தினபுரியில் நான் சட்டத்தரணியாக இருந்த காலம் இந்த நாட்டில் செல்லாது. செல்லவைப்பதற்காகச் சான்றிதழ்களை அனுப்பினேன். முத்திரை தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினேன். பெயரில் தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்டு எழுதினார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் யாழ்ப்பாணத்துக்காரி. முதல் நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஐயா இந்தியாவோ?" என்றாள். இல்லை, இலங்கைதான், சப்ரகமுவவில் ஒரு தோட்டம் என்றேன். "அங்கயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி எனக்கு இங்கே பழகிவிட்டது.

மன்னிப்பு வாசித்து முடிந்தது. அவனை வேறு கட்டடத்துக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காணும் ஐயா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்குக் காணவில்லை, போதவே இல்லை. காரில் ஏறியதும் மாலினியிடம் கத்தினேன்.

"இவ்வளவுதானா? அவன் நாளைக்கும் சம்பளம் வாங்குவான். வேலையில இருந்தே துரத்தியிருக்கணும். பொண்டாட்டி புள்ளைங்க முன்னால தலைகுனிய வச்சிருக்கணும்."

"அவங்க அதக் கேக்கலப்பா."

"அவளுக்கு என்னா தெரியும்? நீதானே லோயர்?"

மாலினி சந்தியில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தினாள். "அது அவங்க கேஸ்ப்பா. என்னோடது இல்ல."

வீடு வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவள்மேல் கோபம் என்று நினைத்திருப்பாள்.

2

சபாபதியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் சாதாரணதரப் பரீட்சை பாஸான முதல் பையன். அந்தக் காலத்தில் வீட்டில் நல்லது நடந்தால் வெற்றிலையும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, எங்களிடம் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அப்பா என்னைப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலேயே கூட்டிக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளை சபாபதிக்கு அப்போது சின்ன வயது, மீசை நன்றாக முளைத்திருக்காது. வெள்ளைக்காரனும் இல்லை, சிங்களவனும் இல்லை, எங்கள் ஆள்தான். எங்கள் பாட்டன்மார் நடந்து வந்த வழியில்தான் அவன் பாட்டனும் வந்திருப்பான்.

வெற்றிலையை வாங்கிக்கொண்டு கேட்டான்.

"இங்கிலீசும் பாஸாடா?"

"ஆமாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எங்க வீட்டு மாட்டுக்குத் தமிழே வெளங்க மாட்டேங்குது. நீ போயி அதுகிட்ட இங்கிலீசு பேசிக்கிட்டே சாணிய அள்ளிப் போடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். "செய்யப்பா, ஐயா சொல்றாருல்ல" என்றார்.

அள்ளினேன். கூடை தரவில்லை, கையால்தான். அப்பா மேல் இருந்த கோபம் அவரைப் புதைத்த அன்று போய்விட்டது. சபாபதி மேல் இருந்தது போகவில்லை. பிற்பாடு நான் சட்டம் படித்து, தமிழில் முறைப்பாடு எழுத மறுத்தவர்கள், வேலைக்குச் சேர்க்க மறுத்தவர்கள், பெண்கள் மேல் கை வைத்தவர்கள் என்று எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றினேன். இரத்தினபுரி நீதிமன்றத்தில் எனக்கு 'வத்து லோயர்' என்று பெயர். சிங்களத்தில் தோட்டத்து லோயர் என்று அர்த்தம். ஏழைகளுக்காக நிற்கிற மனிதன் என்றார்கள். நின்றது உண்மை. ஆனால் நான் குறுக்கு விசாரணை செய்த ஒவ்வொரு முகத்திலும் ஒரு மீசையைத் தேடினேன் என்பதும் உண்மை.

3

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் காலை பரமேஸ்வரி என் அலுவலகத்துக்கு வந்தாள். நான் பிறந்த அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவள். கூடவே புருஷன் யோகராஜ். அவன் நாற்காலியில் உட்காரவில்லை, கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பால் நிறுக்கிற எடத்துல கண்டக்டர் ஐயா கையப் புடிப்பாருங்க" என்றாள். வெளிவேலைக்கெல்லாம் பெரியவனைத் தோட்டத்தில் கண்டக்டர் என்போம். "ஒருநாளு வாளியக் கீழ விட்டுட்டேன். பால் பூரா அவரு சப்பாத்துல கொட்டிருச்சு. அன்னையிலருந்து பட்டுப்போன மரமா இருக்குற மலையத்தான் எனக்குக் குடுக்குறாரு."

"அதுக்கு முறைப்பாடு செய்யலாம்."

"அது கெடக்குதுங்க. அதுக்கு நான் வரல." குரல் இறங்கியது. "போன வாரம் பெரட்டுல, அம்புட்டுப் பேரு நிக்கிறப்ப, 'என்னா பரமேஸ்வரி, நேத்து குவாட்டர்ஸுக்கு வந்தப்ப இருந்த சிரிப்பு இன்னைக்குக் காணோமே'ன்னு கேட்டுட்டாருங்க. நான் அந்தப் பக்கமே போனதில்ல. சாமி சத்தியமா போனதில்ல."

யோகராஜ் கலண்டரில் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தான்.

"இவரு அன்னையிலருந்து நான் ஆக்குன சோறத் திங்கிறதில்ல. தனியா ஒல வச்சிக்கிறாரு."

கண்டக்டர் பெயர் என்ன என்று கேட்டேன். சபாபதி என்றாள். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"பரமேஸ்வரி, அவன விடமாட்டேன். தோட்டத்த விட்டே ஓட வைக்கிறேன்."

"அதெல்லாம் வேணாங்க. பெரட்டுல சொன்னதப் பெரட்டுலயே பொய்யின்னு சொல்லிட்டாப் போதும்."

"கோர்ட்டு சொல்லும்மா."

"கோர்ட்டுல சொன்னா எங்க லயத்துக்குக் கேக்குமாங்க?"

நான் சிரித்தேன். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்கக்கூடாது. விடிந்ததும் எல்லோரும் கூடி வேலை பிரித்து வாங்குகிற இடம் பெரட்டுக்களம். அங்கே கண்டக்டர் வாயிலிருந்து வருவது உத்தரவு. இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதைச் சொல்கிற அதே வாயால் ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், அதுவும் உத்தரவு மாதிரிதான் இறங்கும். மத்தியானத்துக்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும்.

4

மாவட்ட நீதிமன்றத்தில் மானநட்ட வழக்குப் போட்டேன். தோட்டக் கம்பனியையும் சேர்த்துக்கொண்டேன். விசாரணை தொடங்குவதற்கு முன் ஒருநாள், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னை நீதிமன்றக் கன்டீனுக்கு அழைத்துப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர்.

"மல்லி, மே கேஸ் எக்க இவர கரமு" என்றார். தம்பி, இதை முடித்துக்கொள்வோம் என்று அர்த்தம்.

அவர் சொன்ன ஏற்பாடு இது: சபாபதி பெரட்டுக்களத்துக்கு வருவான். தோட்ட மனேஜர் பெரிய தொரையும் பக்கத்தில் நிற்பார். நான் சொன்னது பொய், அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்ததே இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வான். பிறகு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதற்குப் பதிலாக வழக்கை வாபஸ் வாங்க வேண்டும்.

கட்சிக்காரியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். பரமேஸ்வரி முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தது கன்டீனிலிருந்தே தெரிந்தது. நடந்து போனால் போய்ச் சேருகிற தூரம். நான் குழாயடி வரைக்கும் போனேன். கையைக் கழுவினேன். திரும்பி வந்து சொன்னேன்: "அவள் ஒத்துக்கொள்ளவில்லை."

சட்டத்தரணி ஒருவன் செய்யக்கூடாததில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை. அவளுக்குத் தேவையானது என் கையில் கிடைத்தது, நான் குழாயடியில் கழுவிவிட்டேன். ஏன் என்றால், சபாபதி தன் சாமான்களை லொறியில் ஏற்றி, ஓய்வுப் பணத்தோடு இன்னொரு குவாட்டர்ஸில் போய் இறங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. பெரட்டில் ஒரு வசனம், பிறகு பழைய வாழ்க்கை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

5

இனி எழுதப்போவதைச் சந்தோஷமாக எழுதுகிறேன். மறைப்பதில் அர்த்தமில்லை.

சபாபதி சாட்சிக் கூண்டில் ஏறினான். மீசை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, அதுவே எனக்கு இன்னொரு காரணமாகப் போயிற்று. நான் தோட்டத்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன், ஆங்கிலத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்து.

"வாசித்து விளங்கித்தான் கையெழுத்து வைத்தீர்களா?"

"ஆமாங்க."

"பெண் தொழிலாளர்களை நடத்த வேண்டிய முறை என்ற பகுதியை வாசியுங்கள்."

"கண்ணாடி கொண்டாரலீங்க."

என் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். நீதிமன்றம் சிரித்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினான். முதல் வசனத்தில் மூன்று இடத்தில் நின்றான். நான் பொறுமையாக ஒவ்வொரு சொல்லையும் திருத்தினேன். மறுபடி சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள் என்றேன். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. இது வழக்குக்கு எப்படிப் பொருந்தும் என்று நீதிபதி கேட்கும்வரை விடவில்லை. உட்காரும்போது கனத்துப்போயிருந்த நெஞ்சு எனக்கு லேசாகிவிட்டது. இப்போது நினைத்தாலும் அந்த மூக்கு நுனி என் கண்ணில் நிற்கிறது, எனக்கு இனிக்கிறது.

பின் வாங்கில் பரமேஸ்வரி இருந்தாள். சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். அவளைப் பற்றி அன்றைக்கு ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்திருக்கிறாள்.

வழக்கு வென்றோம், நட்டஈடும் கிடைத்தது. கம்பனி பயந்துபோய்ச் சபாபதியை ஓய்வுக்குச் சற்று முன்னால் வேலையைவிட்டு நீக்கியது. குவாட்டர்ஸையும் காலி செய்ய வைத்தது. அவன் எம்பிலிப்பிட்டிய சந்தையில் வாழைக்காய் விற்கிறான் என்று கேள்விப்பட்டு, பார்ப்பதற்கென்றே ஒரு சந்தை நாளில் பஸ் ஏறினேன்.

சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான். ஒரு சீப்புக் கேட்டேன். நிறுத்து, பையில் போட்டு, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தான்.

"எந்தத் தோட்டத்துப் புள்ள நீங்கன்னு பொறகுதான் சொன்னாங்க சேர்" என்றான். "எனக்கு ஞாபகமில்ல. நான் அப்ப நெறயப் பேர அப்படிப் பண்ணிருக்கேன்."

இதுதான் அவன் என்னிடம் கேட்ட மன்னிப்பு என்றால், அது எனக்கு அவமானத்துக்கு மேல் அவமானம். நான் அவனை ஒருநாளும் மறக்காமல் படித்தேன், வாதாடினேன். அவனுக்கோ நான் பலரில் ஒருவன்.

"ஒண்ணு மட்டும் வெளங்கல சேர்" என்றான். "பெரட்டுல வந்து சொல்றேன்னுதானே சொன்னேன். அந்தப் புள்ள ஏன் வேணாம்னுச்சு?"

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

6

அதன்பின் ஒரு வருடம்கூட இராது, பரமேஸ்வரி வந்தாள். இந்த முறை தனியாக.

"கஹவத்த டவுன்ல கண்டக்டர் சம்சாரத்தப் பாத்தேங்க. எம்மேல பாஞ்சிட்டாங்க. 'எம் புருஷன் பொய்யின்னு சொல்றேன்னப்ப நீதானடி வேணாம்னே, குடும்பத்தையே தெருவுல விட்டுட்டியேடி'ன்னு." என் மேசைக்கு முன்னால் நின்றபடியே கேட்டாள். "நெசமாங்க? சொல்றேன்னாராங்க?"

ஆமாம் என்றேன். ஏன் மறைத்தேன் என்று கேட்டாள். மாட்டுக் கொட்டில் கதையைச் சொன்னேன். என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. முழுவதையும் கேட்டாள்.

"சாணி அள்ளுனது நீங்க. அதுக்கு நான் எதுக்குங்க கோர்ட்டுல நின்னேன்?"

நான் மேசைமேல் கிடந்த கோப்பை மூடினேன். அவள் நிறுத்தவில்லை.

"கேஸு ஜெயிச்சதுக்கு லயத்துல என்னா பேரு தெரியுங்களா? மானத்துக்கு வெல போட்டு வாங்கிட்டாளாம்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரு கொழும்புக்குக் கடை வேலைக்குன்னு போயிட்டாரு. சோறு தனியா ஆக்குறது போயி, இப்ப ஊரே தனி."

"சபாபதியை இப்போது வரவழைத்துச் சொல்லவைக்கிறேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இப்ப சொன்னா யாரு கேப்பா? கண்டக்டர் சொன்னாத்தாங்க பெரட்டுல பேச்சு. வாழக்கா யாவாரி சொன்னா, காசு வாங்கிட்டுச் சொல்றான்னுவாங்க."

அவன் பதவியைப் பறித்தபோது, அவள் பெயரைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரே வாயையும் சேர்த்துப் பறித்துவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது விளங்க இத்தனை காலம் பிடித்தது.

"நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். "அவரு சொல்ல வந்தாரு, நாந்தான் தடுத்தேன்னு பெரட்டுல சொல்லுங்க."

சொன்னால் என் தொழில் போய்விடும், பெயர் போய்விடும். "பார்ப்போம்மா" என்றேன். அவள் வணக்கம் சொல்லாமல் போனாள். எங்களுக்கு முன்பே கனடா வந்துவிட்ட மாலினி எங்களை இங்கே கூப்பிட விண்ணப்பித்திருந்தாள். விசா வந்ததும் நானும் மனைவியும் விமானம் ஏறினோம். பனியைப் பற்றியும் இங்கே பேரப்பிள்ளைகள் என் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதைப் பற்றியும் நீங்கள் படிக்கும் இந்தப் பத்திரிகைக்கு நிறைய எழுதினேன். இதை எழுதவில்லை.

7

காய்கறித் தொழிற்சாலையிலிருந்து வந்த அடுத்த நாள் மாலினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத மறைச்சு வச்சிக்கிட்டு எத்தன வருஷம் என் ஆபீசுக்கு வந்து மொழிபெயர்த்தீங்கப்பா?"

"செய்தது தப்புத்தான்."

"நான் உங்களப் பாத்துத்தான் லோ படிச்சேன்" என்றாள். பிறகு கையைத் துடைத்தாள். "அவங்க போன் நம்பர் எடுங்க. அதுவரைக்கும் லீகல் கிளினிக்குக்கு வராதீங்க."

கஹவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் விசாரித்து நம்பர் கொடுத்தார். பரமேஸ்வரி இடையில் லெபனானில் வீட்டு வேலைக்குப் போய், திரும்பி, மறுபடி அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். இங்கே காலை, அங்கே சாயந்தரம். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"எந்த லோயரு?" என்றாள். சொன்னேன்.

"இன்னும் இருக்கீங்களா?"

பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன்.

"பேப்பர எங்க லயத்துல யாருங்க படிக்கிறா? எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவங்க போன மாசம் லயத்துல விசாரிச்சிருக்காங்க. 'அம்மாக்காரி கண்டக்டர் குவாட்டர்ஸுக்குப் போனவளாமே'ன்னு கேட்டுட்டு, காப்பி குடிக்காமலே போயிட்டாங்க. அந்தாளு சொன்னப்ப எம் மகளுக்கு ஆறு வயசு."

நான் வருகிறேன் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் பயம் வந்தது. வன்னியில் சண்டை நடக்கிறது, கொழும்பில் இறங்கும் தமிழனுக்கு ஆயிரம் கேள்வி. மாலினி வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அன்றைக்கே டிக்கெட் பதிவு செய்துவிட்டாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி காலமாகிவிட்டார். என் மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கட்டும், இதைப் படிக்கிற யாரும் முறையிடலாம்.

ஆனால் டிக்கெட் மட்டும் போதவில்லை. அதைச் சொல்லப் பரமேஸ்வரிக்கு மறுபடி போன் எடுத்தேன்.

"நீங்க தனியா வந்து சொன்னா எடுபடாதுங்க" என்றாள். "கேஸு பேசுன லோயரு, அவ பக்கந்தானே பேசுவாருன்னுவாங்க. அவரு தனியா சொன்னா வாழக்கா யாவாரி ஒளறுறான்னுவாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கணும்."

"அவனோடயா?"

"ஆமா. எம்பிலிப்பிட்டியில போயி நீங்களே அவரக் கூட்டிக்கிட்டு, ஒரே பஸ்ஸுல, பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்து வந்து எறங்கணும். லயமே பாக்கணும். வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுங்க, கால்ல விழுந்து கூப்புடுங்க, எனக்குத் தெரியாது."

இதற்குச் சட்டத்தில் தண்டனை என்று பெயர் கிடையாது. ஆனால் நான் சபாபதிக்கு வாங்கிக்கொடுத்த எதையும்விட இது கடுமையானது. சபாபதியை நான் மன்னிக்கவில்லை. நாளைக்கே அவன் சாணி அள்ள நேர்ந்தால், கூடை கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோள் என்மேல் இடிக்க, கஹவத்தைக்கு ஏறும் அந்த வளைவுகளில் வர வேண்டும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"நான் கூப்பிட்டு அவன் வரமாட்டேன்னு சொன்னா?"

"நீங்கதான் லோயராச்சே" என்றாள் பரமேஸ்வரி. "பேசுங்க."